சில்லு பூட்டிய கோயில்

"எங்கட ஊர்க் கோயிலுக்குப் புதுச் சித்திரத்தேர் செய்யினம். பூட்டி முடிக்க முதல் ஒருக்கா வந்து பார்" என்றார் நண்பர். வலிகாமம் வடக்கில், பனங்கூடல் ஓரமாக ஒரு தகரக் கொட்டில். உள்ளே அரைவாசி எழும்பிய தேர். காலுக்குக் கீழே மரச்சீவல்.

யாழ்ப்பாணத்துக்குக் கோயிலழகு பார்க்க வருகிறவர்கள் தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவார்கள். இது சுண்ணக்கல் பூமி. கருங்கல் மலை கிடையாது. இருந்த பழங்கோயில்களையும் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளினார்கள். 1620களில் நல்லூர்க் கந்தன் கோயில் தரைமட்டமானது. அதன் கற்கள் கோட்டை கட்டப் போயின என்பது ஊர் வழக்கு. இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல் எழுந்தது. அதன் தெற்குப் பக்க ஒன்பது நிலைக் கோபுரம் 2011இல்தான் திறக்கப்பட்டது; வடக்குக் கோபுரம் 2015இல். அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறோமே, அந்த உயரத்துக்கு வயது அவ்வளவுதான். இங்கே கைமாறிக் கைமாறி வந்த சிற்ப மரபைப் பார்க்க வேண்டுமானால் வாகனசாலைக்கும் தேர்முட்டிக்கும் போக வேண்டும்.

கோயில் விமானத்தில் என்னவெல்லாம் உண்டோ, பீடம், தூண், சிகரம், கலசம், அத்தனையும் தேரிலும் உண்டு. அடியில் அச்சும் சில்லும். அதற்கு மேலே பூதப்பார், நடகாசனம், தேவாசனம் என்று கொட்டிலில் தேர் செய்யும் ஆசாரியார் கையால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போனார். பிறகு விரற்கடைக் கணக்குக்கு வந்தார். மூலமூர்த்தியின் அளவிலிருந்து தேரின் அளவு எப்படிப் பிறக்கிறது என்று அவர் பலகையில் எழுதிக் காட்டியபோது தலையாட்டினேன்; என் கண்ணோ பக்கத்தில் கிடந்த உளிப்பெட்டியில்.

அதில் முப்பதுக்கு மேல் உளிகள் இருக்கும். தட்டை, குழி, நகம்போல் வளைந்தது, ஊசிமுனை. கடையில் வாங்கியவை அல்ல; பழைய லொறியின் வில் தகட்டைக் கொல்லரிடம் கொடுத்து அடிப்பித்தவை. அதிலிருந்து ஒன்றை எடுத்தார். தகப்பனாரின் உளி. தகப்பன் காலத்தில் ஒரு சாண் இருந்த இரும்பு, தீட்டித் தீட்டி இப்போது சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. பிடி மட்டும் மூன்று தரம் மாறியிருக்கிறதாம்.

ஒரு யாளியின் வாயை அந்த உளியால் திறந்தார். பென்சில் கோட்டுக்கு உள்ளே, மரத்தின் நார் போகும் பக்கம் பார்த்து, கொட்டாப்புளியால் தட்டினாரா தடவினாரா என்று தெரியாத அளவுக்கு ஒரு தட்டு. சுருள் ஒன்று கழன்று விழுந்தது. இன்னும் நாலு தட்டு; பல்லின் வேர் தெரிந்தது. "நாருக்கு எதிராப் போனால் பல்லு உடைஞ்சிடும் தம்பி. பிறகு ஒட்டேலாது. ஒட்டினால் வெயிலுக்குக் காட்டிக்குடுத்திடும்."

1986இல் செல்வச்சந்நிதிக் கோயில் தேர் எரிக்கப்பட்டபோது அவருக்கு இருபது வயது. தகப்பனோடு போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தவர். 1990இல் சண்டை மூண்டு ஊரே எழும்பி ஓடியது. செய்து முடித்த குதிரை வாகனம் பட்டறையிலேயே நின்றது. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது சைக்கிள் கரியரில் அவர் கட்டியது இந்தப் பெட்டியை. "உடுப்பு வேற ஆரும் தருவினம். உளி ஆர் தருவினம்?" தகப்பன் வன்னியில் காலமானார். இராணுவத்தின் பிடியிலிருந்து ஊர் விடுபட்டு அவர் திரும்பி வந்தபோது பட்டறை இருந்த இடத்தில் பற்றை.

இப்போது வேலைக்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து காசு வருகிறது. சின்னக் கோயிலும் தேர் கேட்கிறது. ஆனால் அந்தக் காசு பட்டறைக்கு நேரே வருவதில்லை. நடுவில் ஒப்பந்தகாரர் ஒருவர். மதிப்பீடு அவருடையது, மரமும் அனுமதிப் பத்திரமும் அவர் பொறுப்பு. திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் அவரே வைப்பது. ஆசாரியாருக்கு நாட்கூலி. மரம் வர ஒரு மாதம் பிந்தினால் அந்த மாதம் கூலியில்லை. காயாத மரத்தில் வேலைசெய்யச் சொன்னாலும் செய்யத்தான் வேண்டும். பிறகு வெடித்தால் பழி உளிக்கு. அவருடைய மகன் மேசன் வேலைக்குப் போகிறான். சீமெந்தில் அச்சு வைத்து வார்த்தால் யாளி ஒருநாளில் வந்துவிடுகிறது, கூலியும் அன்றே கையில்.

இதைத் தொழில் அழிகிறது என்று சொல்லி அழுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர் இருக்கிறார்கள், காசு இருக்கிறது, கை இருக்கிறது. கணக்குத்தான் கோணல். தேர்முட்டியின் மாபிள் பலகையில் அச்சுக்கு உபயம், கலசத்துக்கு உபயம், வடக்கயிற்றுக்கு உபயம் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. செய்தவர் பெயர் இல்லை. கும்பாபிஷேக மலரில் அரசியல்வாதியின் வாழ்த்துக்குப் பக்கம் கிடைக்கிறது; ஆசாரிக்கு ஒரு வரி கிடைப்பதில்லை.

வெளிநாட்டில் இருந்து உபயம் அனுப்புகிறவர்கள் பரிபாலன சபையிடம் மூன்று விஷயம் கேட்கலாம். ஒப்பந்தத்தைப் பட்டறையோடு நேரே எழுதுங்கள். மரத்துக்கான காசை முதலே கொடுத்து அது காயும்வரை பொறுத்திருங்கள். பலகையில் உங்கள் பெயருக்கு மேலே ஆசாரியின் பெயரை வெட்டுங்கள். இந்த மூன்றுக்கும் சம்மதியாத சபைக்கு அனுப்பும் காசு தேருக்குப் போகிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.