அம்மாவின் இடுப்புவலிக்கு 'வாய்வு' என்று பெயர்!

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் தைல வாசனை இல்லாத இரவே கிடையாது. ''வாய்வுப் பிடிப்புடி... காலையில சரியாயிடும்'' என்பார் அம்மா. நானும் நம்பினேன். இத்தனைக்கும், 'இடுப்புவலியைத் தவிர்க்க 7 வழிகள்' என்று ஆபீஸில் உட்கார்ந்து எழுதியவள் நான்!

போன மாதம் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கும்போது, எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் குனிய முடியவில்லை. ''ஒரு கேனுக்கே இப்படியா?'' என்று அம்மா சிரித்தார். அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன், ''கம்பெனியில நீ எவ்வளவும்மா தூக்குவே?''

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. குருணை மூட்டை ஒன்று 25 கிலோ. தரையிலிருந்து தூக்கி, உடம்பைத் திருப்பி, மெஷின் தொட்டியில் கொட்ட வேண்டும். ஒரு ஷிஃப்ட்டுக்கு 15 மூட்டை. ஒன்பது வருடங்களாக!

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான் வரம்பு என்கிறது. தரையிலிருந்து எடுத்தால், திரும்பினால், அடிக்கடி தூக்கினால் அது இன்னும் குறையும். காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த நம் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-வது பிரிவு.

''லீவு போட்டா சம்பளம் போயிடுமே...'' இதுதான் அம்மாவின் பயம். ஆனால், பீரோவில் புடவைகளுக்கு அடியில் இ.எஸ்.ஐ கார்டு கிடந்தது. தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் வருடத்துக்கு 91 நாள்கள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். அம்மாவுக்கு அது தெரியாது. நானும் சொன்னதில்லை.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். ''கால் மரத்துப்போகுதா?'' என்று கேட்டார். ''ஆறு மாசமா இடது கால்ல இருக்கு சார்'' என்றார் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது புதிய செய்தி! டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறதாம். ''கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்'' என்று எச்சரித்தார்.

இரண்டு வார ஓய்வுக்குப் பிறகு, திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போகிறார். மூட்டை அதே 25 கிலோதான். ''இனிமே ரெண்டு பேராத்தான் தூக்குவோம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லப்போறேன்'' என்கிறார்.

உங்கள் வீட்டிலும் தைலம் மணக்கிறதா? 'இன்னிக்கு எவ்வளவு தூக்கினே?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் ஒன்பது வருடங்கள் கழித்துத்தான் கேட்டேன்.