“‘தூங்குறியா’னு யாரும் கேட்டதில்ல பாப்பா!” - பிணவறை வாசலில் ஒரு காலை

விபத்து சிசிடிவி காட்சிகள் வந்தால் முதலில் முழுசாகப் பார்த்து, எங்கெல்லாம் மறைக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலை. உங்கள் மொபைலில் மங்கலாகத் தெரிவதை, யாரோ ஒருவர் தெளிவாகப் பார்த்திருப்பார். எங்கள் அலுவலகத்தில் அது நான்.

பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன், ஒரு செய்திக்காக அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போகும்வரை.

வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார் அந்தப் பிணவறை உதவியாளர். இருபது வருட சர்வீஸ். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது டாக்டர். உடலைத் தூக்கி, கழுவி, தைத்து, துணி சுற்றி உறவினர்களிடம் கொடுப்பது இவர். அவர்களுடைய கதறலை நேருக்கு நேர் வாங்கிக்கொள்வதும் இவரே.

“பெரியவங்கன்னா வேலை ஓடிடும் பாப்பா. யூனிஃபார்மோட புள்ளைங்க வந்தாத்தான்...” என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒருநாள், ரத்தத்தில் ஊறிய ஒரு சின்ன ஷூவின் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்ததாம். அன்றிலிருந்து தன் மகளுக்கு ஷூ மாட்டிவிடுவதில்லை. காரணம் மனைவிக்குக்கூடத் தெரியாது.

“டிரெய்னிங் எதுவும் தருவாங்களாண்ணே?”

“கிளவுஸ் போடுறது, கையில ஊசி குத்தாம தைக்கிறதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. ‘ராத்திரி தூங்குறியா’னு யாரும் கேட்டதில்ல.”

பிணவறையில் வேலை பார்ப்பவர் என்றாலே குடிப்பார் என்று பேசுவோமே, நானும் பேசியிருக்கிறேன்.

பாதிக்கப்பட்டவரின் மனக்காயம் அறிந்து நடக்க வேண்டும் என்பது நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸார் சீருடையில் இருக்கக் கூடாது. அருமையான ஏற்பாடு. ஆனால், அத்தனையும் கேட்டு எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிற அந்தப் போலீஸ் அக்காவிடம் யார் பேசுவார்?

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட ‘டி.எஸ்.எம்-5’ கையேடு, இவர்களையும் கணக்கில் எடுக்கிறது. உடல் பாகங்களைச் சேகரிப்பவர்கள், குழந்தை வதை வழக்கு விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் போலீஸார் ஆகியோருக்கும் ‘பி.டி.எஸ்.டி’ என்ற மனக்காய பாதிப்பு வரலாம். டி.வி-யில், படத்தில் பார்ப்பது இதில் சேராது. வேலைக்காகப் பார்த்தால் சேரும். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இப்போதெல்லாம் வீடியோக்களை மியூட் செய்து, திரையைச் சிறிதாக்கித்தான் பார்க்கிறேன்.

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416. அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன்.

“கூப்பிட்டு என்னனு பாப்பா ஆரம்பிக்கிறது?”

“அந்த ஷூவுலேருந்து ஆரம்பிங்கண்ணே” என்றேன்.