மூட்டும் காந்தமும்

"ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்று மருத்துவர் சொல்லக் கேட்டுத் திரும்பிய முதியோர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஊர்களில் இராது. ஆயினும் அச்சொல் மயக்கம் தருவது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாரையும் ஜவ்வு என்கிறோம். முழங்காலின் நடுவே பிறை வடிவிற் கிடக்கும் திண்டையும் ஜவ்வு என்கிறோம். எலும்பு முனைகளைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பையும் அவ்வாறே அழைக்கிறோம். மூட்டுத் தேய்மானத்தில் முதன்மையாகச் சிதைவது இறுதியிற் சொன்ன குருத்தெலும்பே.

இறைவனின் படைப்பில் இக்குருத்தெலும்பு ஒரு வியப்பு. சில மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையாமல் நீர். கொலாஜன் என்னும் இழைகள் வலைபோற் பின்னி நிற்க, அவ்வலைக்குள் புரோட்டியோகிளைக்கான் என்னும் பொருள் நீரை ஈர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே அது தேயத் தொடங்கும்போது நமக்குச் சொல்லுவதில்லை.

எக்ஸ்ரே படமும் சொல்லுவதில்லை. அப்படத்தில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புகளுக்கும் இடையேயுள்ள வெளி குறுகியிருப்பதைக் கண்டு, "இங்கிருந்தது தேய்ந்துவிட்டது" என மருத்துவர் உய்த்துணர்கிறார். வெளி குறுகும் அளவுக்கு வந்துவிட்டதெனில் சிதைவு நெடுந்தூரம் சென்றுவிட்டது என்றே பொருள்.

என் பெரியம்மா எழுபதை நெருங்கிய வயதில் சுஜூதிலிருந்து எழ இயலாமல் கையூன்றித் தவித்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், குறிப்பிடத்தக்கதாக ஏதுமில்லை என்று எழுதி வந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவர்களுடைய வலிக்கு மதிப்புப் போயிற்று. "படத்துல ஒண்ணுமில்லேன்னுட்டாங்களே பெரியம்மா, பிறகென்ன?" என்று மருமகள்கூடக் கேட்டாள். அவர்கள் மறுமொழி சொல்லவில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார்கள். இயலாதவர்க்கு மார்க்கம் தந்த சலுகைதான் அது. என்றாலும், அதையும் சோம்பல் எனக் கருதிய பார்வைகள் அவர்களைச் சுட்டன. ஓராண்டுக்குப் பின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தபோது, முழங்காற்சில்லின் பின்புறக் குருத்தெலும்பு பிய்ந்திருப்பதும், அதனடியில் எலும்பினுள் நீர் கோத்திருப்பதும் தெரியவந்தன. அதன் பிறகே வீடு அவர்களை நம்பிற்று.

எக்ஸ்ரே காணாததை எம்.ஆர்.ஐ. எவ்வாறு கண்டது? அது நிழலைப் பிடிப்பதன்று, நீரைப் பேசவைப்பது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப் புலத்தில் ஒருவாறு நெறிப்படுகின்றன. வானொலி அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தாமும் ஒரு குறிப்பலையை எழுப்புகின்றன. இவ்வியல்பைப் பெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகியோர் 1946இல் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். அதிலிருந்து உருவப்படம் ஆக்கும் வழியைப் பால் லாட்டர்பர் 1973இல் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

குருத்தெலும்பைப் பொறுத்தவரை இதில் ஒரு நுட்பம் உண்டு. கொலாஜன் வலை செம்மையாக இருக்கையில் நீர் கட்டுண்டு கிடக்கும். எழும் குறிப்பலையும் விரைவில் அடங்கிவிடும். வலை தளர்ந்தால் நீர் கட்டவிழ்ந்து திரியும். அலை அடங்கக் காலம் நீளும். அக்கால அளவை இடந்தோறும் கணித்து வண்ணமிட்டால், கனம் குறையாத குருத்தெலும்பிலும் சீர்கேடு தொடங்கிய இடம் புலப்படும். மற்றொரு வழி சோடியத்தைத் தேடுவது. புரோட்டியோகிளைக்கான் எதிர்மின்னூட்டம் உடையதாதலால் நேர்மின்னூட்டமுள்ள சோடிய அயனிகளைத் தன்பால் திரட்டி வைத்திருக்கும். அது குறையுமிடத்தில் சோடியமும் குறையும். உப்பைக் கொண்டு நோயறியும் இவ்வழியை நான் பெரிதும் ரசிக்கிறேன். எனினும் இதற்குத் தனிக் கருவியமைப்பு வேண்டும். எனவே நம்மூர் ஸ்கேன் நிலையங்களில் இதை எதிர்பார்க்கவியலாது. அமெரிக்காவில் 2004 முதல் 2006 வரை 45 முதல் 79 வயது வரையுள்ள 4,796 பேரை ஆய்வில் சேர்த்து, அவர்தம் முழங்கால்களை ஆண்டுகள் பலவாக 3 டெஸ்லா காந்தத்தில் படமெடுத்து வந்தனர்.

இவ்வளவும் படித்துவிட்டு எவரும் ஸ்கேன் நிலையத்துக்கு விரைய வேண்டா. 2012இல் வெளியான பிரேமிங்காம் ஆய்வு ஒன்றில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தென்படாத, 50 வயது கடந்த 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ.யில் நோக்கினர். 89 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு மாறுதல் இருந்தது. 69 விழுக்காட்டினரிடம் குருத்தெலும்பே பழுதுற்றிருந்தது. வலி சிறிதும் இல்லாதவர்களும் அவர்களுள் பெருந்தொகையினர்! எக்ஸ்ரேயில் ஏதுமில்லை என்பதால் பெரியம்மாவின் வலி பொய்யாகவில்லை; அவ்வாறே, எம்.ஆர்.ஐ.யில் ஏதோ உண்டு என்பதால் வலியற்றவர் நோயாளியாகிவிடுவதும் இல்லை.

தேய்ந்த குருத்தெலும்பை மீள வளர்க்கும் மருந்து எதுவும் இன்னும் ஏற்பளிக்கப்படவில்லை. முன்கூட்டிக் காணும் கண்ணை விஞ்ஞானம் பெற்றிருக்கிறது. கண்டதைத் தடுக்கும் கை இன்னும் வாய்க்கவில்லை. பெரியம்மாவுக்கு மருத்துவர் எழுதித் தந்தவை உடல் எடையைக் குறைப்பதும், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியுமே. நாள்தோறும் அஸருக்குப் பின் கட்டிலில் அமர்ந்து காலை நீட்டி மடக்குகிறார்கள். எண்ணிக்கையைச் சொல்லுவது மருமகள்.