டேபிள் முனையில் நிற்கிறவங்க

திருப்பூரில் மெஷின் மெக்கானிக் என்று சொன்னால், "ஓவர்லாக்கா, பேட்லாக்கா?" என்பதுதான் அடுத்த கேள்வி. நான் இரண்டும் இல்லை. சர்வோ மோட்டாரும் அதை இயக்கும் டிரைவும்தான் என் பிழைப்பு. கையேட்டில் அதற்கு சர்வோ ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்துக்கொண்டே முன்னும் பின்னும் ஓடுமே ஸ்பிரெட்டிங் மெஷின், அதற்குள்ளும் இது இருக்கிறது.

டிரைவுக்குக் கண் கிடையாது. வெளியே நடப்பதெல்லாம் 24 வோல்ட் சிக்னலாகத்தான் அதற்குப் போய்ச் சேரும். 'ஓடத் தயாராகு' என்று ஒன்று, 'அவசரம், நிறுத்து' என்று ஒன்று. 'முன்பக்கம் எல்லை வந்துவிட்டது', 'பின்பக்கம் எல்லை வந்துவிட்டது' என்று இரண்டு. இந்த எல்லை சிக்னல்களில் ஒரு விசேஷம் உண்டு. வீட்டு வாசல் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால்தான் கரன்ட் போகும். ஒயர் அறுந்துபோனால் விருந்தாளி வாசலிலேயே நிற்பார், நாம் யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். எல்லை சுவிட்ச் இதற்கு நேர்மாறு. எல்லாம் சரியாக இருக்கும்வரை கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். எல்லையைத் தொட்டாலும் நின்றுவிடும், ஒயர் அறுந்தாலும் நின்றுவிடும். சந்தேகம் வந்தால் மெஷின் ஓடாது.

போன வருஷம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு பனியன் கம்பெனியிலிருந்து அழைப்பு. ஸ்பிரெட்டிங் மெஷின் பாதி டேபிளில் நின்று நின்று போகிறதாம். போய்ப் பார்த்தால் மிட்சுபிஷி எம்.ஆர்.-ஜே4 டிரைவ், டிஸ்பிளேயில் ஏ.எல்.99. எல்லை வந்துவிட்டது என்கிற எச்சரிக்கை. வண்டியோ நட்டநடு டேபிளில் நிற்கிறது.

ஓனர் ரொம்ப நேரம் பொறுக்கவில்லை. "தம்பி, செவ்வாக்கிழமை சரக்கு தூத்துக்குடி போகோணும். போன தடவை வந்த பையன் ஏதோ நம்பர் மாத்துனா சுவிட்சே வேண்டாம்னு சொன்னானுங்களே, அதைப் பண்ணி உட்டுருங்க."

அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை. பி.டி.01 என்று ஒரு பாராமீட்டர். அதன் மதிப்பை மாற்றி, பவரை ஆஃப் செய்து ஆன் செய்தால், எல்லை சிக்னல் எப்போதும் வந்துகொண்டிருப்பதாக டிரைவ் எடுத்துக்கொள்ளும். ஒயரே இல்லாவிட்டாலும் ஓடும். இதற்கு நியாயமான காரணமும் உண்டு. சில மெஷின்களில் எல்லை சுவிட்சை பி.எல்.சி. பார்த்துக்கொள்ளும், டிரைவுக்குத் தனியாக வேண்டியதில்லை. அதனால் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் யாரையும் குறை சொல்ல மாட்டேன். இந்த மெஷினின் படத்தைப் பார்த்தேன். எல்லை சிக்னல் நேராக டிரைவுக்குத்தான் போகிறது. வேறு காவல் இல்லை.

டேபிளின் கடைசியில் ஓர் அக்காவும், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனும் நின்றிருந்தார்கள். துணியின் ஓரம் சுருண்டால் கையை உள்ளே விட்டு நீவி விடுவது அவர்கள் வேலை. துணி ரோலோடு சேர்ந்து வரும் வண்டியை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பெல்ட் ஒரு பல் நழுவி, வண்டி தன் இடக்கணக்கைத் தப்பாக எண்ணினால், அவர்கள் கைக்கு முன்னால் அதை நிறுத்த அந்த சுவிட்ச் ஒன்றுதான்.

"ஆகாதுங்கண்ணா. ரெண்டு மணி நேரம் குடுங்க" என்றேன். "அப்ப வேற ஆளைக் கூப்புட்டுக்கறேன்" என்று செல்லை எடுத்தார். ராத்திரி பதினோரு மணிக்கு யார் எடுப்பார்கள்? அது என் அதிர்ஷ்டம்.

இந்த டிரைவில் உள்ளே வரும் சிக்னல்களை டிஸ்பிளேயிலேயே பார்க்கலாம். மேல் வரிசைக் கோடுகள் எரிந்தால் சிக்னல் வருகிறது, அணைந்தால் இல்லை. அந்த அக்காவை டிஸ்பிளே முன்னால் நிறுத்தி, "இந்தக் கோடு அணைஞ்சா சத்தம் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சென்சார் ஒயரைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே போனேன். வண்டியின் அடியில் இரும்பு ஓரத்தில் ஒயர் உரசும் இடத்தில் கை வைத்ததும், "அணைஞ்சுது! வந்துருச்சு! மறுபடி அணைஞ்சுது!" என்று குரல் வந்தது. வெளித்தோல் லேசாகத்தான் தேய்ந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. புது ஒயர் இழுத்து, இரும்பு ஓரத்துக்கு ரப்பர் கொடுத்து முடிக்கையில் மணி ஒன்று. ஓனர் காசைக் கொடுத்தார், பேசவில்லை. அதன்பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பும் வரவில்லை.

இப்போதெல்லாம் பி.டி.01-இல் என்ன இருந்தது, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வருகிறேன். கிளம்பும் முன், டேபிள் முனையில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு, வண்டியை மெதுவாக ஓடவிட்டு, சென்சாருக்கு முன்னால் ஸ்பேனரைக் காட்டுவேன். வண்டி நிற்பதை அவர்களும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குக் காசு வாங்குவதில்லை.