நாளைக்குப் போகலாம்!

கடவுளைத் தேடி உருகிய ஒருவருடைய கதையைச் சினிமாவாக எடுப்பது சுலபமா, கஷ்டமா? நேயர்களே, நீங்களே யோசித்துப் பாருங்கள். காதல் கதையென்றால் நடுவில் ஒரு பொல்லாத மாமாவைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். கதை தானாக ஓடும். ஆனால் ஒரு மனிதர் தம் மனத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தால் காமிராவை எங்கே வைப்பது? புத்தகத்தில் நாலு பக்கம் எழுதிவிடலாம். திரையில் நாலு நிமிஷம் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஜனங்கள் எழுந்துபோய் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்!

இந்தக் கஷ்டத்தைத் தமிழ்நாட்டில் தீர்த்து வைத்தவர் சினிமாக்காரர் அல்ல. சினிமா பிறப்பதற்கு முன்பே வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார்தான். அவர் எழுதிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' 1860களின் தொடக்கத்தில் அச்சாயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதில் இலக்கணப் பிழைகளைக் கண்டு, சிறப்புப் பாயிரம் தர முதலில் தயங்கினாராம். பிறகு பாரதியார் பாடக் கேட்டு, மனம் உருகிக் கொடுத்துவிட்டாராம். இலக்கணம் தோற்ற இடத்தில் கண்ணீர் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் சேக்கிழார் நந்தனார் கதையை 37 பாட்டுகளில் சொல்லி முடிக்கிறார். அங்கே நந்தனாருக்கு எஜமானரே கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் இருந்துகொண்டு, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். திருப்புன்கூருக்குப் போகிறார், வெளியே நின்ற அவர் கண்ணுக்கு மறைத்த நந்தி விலகிக்கொள்கிறது. சிதம்பரம் போக ஆசை. தம் பிறப்பை நினைத்துத் தயங்குகிறார். ஆசையோ விடவில்லை. 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் 'திருநாளைப்போவார்' என்று பெயர் வந்துவிட்டது.

பாரதியார் பார்த்தார். இந்தத் தயக்கம் வெறும் மனத் தயக்கமா? யாரோ ஒருவர் போகவிடாமல் தடுக்கவில்லையா? அந்தத் தடைக்கு ஒரு முகம் கொடுத்தார். நிலச் சொந்தக்காரரான வேதியரைப் படைத்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான் நந்தன். "நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை செய்துவிட்டுப் போ" என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 266 ஏக்கர்! ஒரே இரவில் கடவுள் அருளால் விளைந்து கிடக்கிறது. அதைப் பார்த்த வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

வேதியரும் நாற்பது வேலியும் புராணத்தில் இல்லை. ஆனால் இன்று நந்தனார் என்றதும் நம் நினைவுக்கு வருவது அவைதானே? சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் இந்தக் கதையைத்தான்.

1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் ஒரு பெண்மணி, கே. பி. சுந்தராம்பாள். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தத் தொகையைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொரு சங்கதி. 1933 கடைசியில் அவருடைய கணவர் எஸ். ஜி. கிட்டப்பா காலமானார். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானித்தார். நந்தனார் வேஷத்தில் ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. சுப காரியம் நடக்கும் வீட்டு வாசலில் கணவனை இழந்த பெண் எதிர்ப்பட்டால் முகத்தைச் சுளித்த காலம் அது. 'நீ உள்ளே வரலாகாது' என்று சொல்லப்பட்ட ஒருவருடைய வேஷத்தை அப்படிப்பட்ட ஒரு பெண் ஏற்றுப் பாடினாள் என்பதை, சகோதரிகளே, சற்று நினைத்துப் பாருங்கள்.

1942இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ மறுபடி 'நந்தனார்' எடுத்தது. டைரக்டர் முருகதாசா. எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். இரண்டு படங்களுக்கும் இடையே ஏழே வருஷம்தான். ஆனால் அதற்குள் நாடு ஒரு வாசற்படியைத் தாண்டியிருந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார். அதே வருஷம் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. முதல் படத்தைப் பார்த்து அழுதுவிட்டு வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு, தங்கள் ஊர்க் கோயிலுக்குள் போக அன்று வழியில்லை!

இவ்வளவும் நான் புத்தகத்தில் படித்த விஷயங்கள். ஆனால் இந்தக் கதையில் என் மனத்தைக் குடைந்த கேள்வி கடலூரில்தான் எனக்குக் கிடைத்தது.

திருப்பாதிரிப்புலியூரில் என் பெரியம்மா இருக்கிறாள். வயது 74. சிதம்பரம் அங்கிருந்து 45 கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் அவள் நடராஜாவைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு நாள் காஸ் சிலிண்டர் வரும் என்பாள். ஒரு நாள் மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. ஒரு நாள் முழங்கால் வலி.

"அப்பர் சுவாமிகள் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் மிதந்து இந்த ஊரிலே கரையேறினார். எனக்கு ரயிலேற முடியவில்லை, பாரேன்!" என்று அவளே சிரிப்பாள். "நாளைக்குப் போகலாம்டி" என்று முடிப்பாள்.

போன கோடையில் நான் அங்கே போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை ராத்திரி எல்லோருமாக உட்கார்ந்து 1942ஆம் வருஷத்து 'நந்தனார்' பார்த்தோம். பழைய பிரதி, கோடும் புள்ளியுமாக இருந்தது. ஆனாலும் தேசிகர் வாயைத் திறந்தால் போதும், மற்றதெல்லாம் மறந்துபோகிறது. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய எட்டு வயதுப் பேத்தி மட்டும் பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

காலையில் எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பாட்டி, அப்புறம் அவர் சிதம்பரம் போனாரா?"

பெரியம்மா புராணத்துக் கதையைச் சொன்னாள். நந்தனார் தில்லை எல்லையில் நின்று வலம் வந்ததையும், கடவுள் கனவில் வந்து தீயில் மூழ்கி வா என்றதையும், தில்லைவாழ் அந்தணர் தீ மூட்டியதையும், அவர் முனிவர் கோலத்தில் பூணூலோடு வெளியே வந்து கோயிலுக்குள் சென்று மறைந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

குழந்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தே, நந்திதான் நகர்ந்துடுச்சே! அங்கே இருந்தவங்க ஏன் நகரல்லே?" என்றாள். நான் பதில் தேடினேன். பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டே போ! அறுபது வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். எனக்கு இது தோன்றவில்லையே!" என்றாள். உடனே எழுந்து, "நாளைக்கு வேண்டாம். இன்றைக்கே கிளம்பு" என்று பையில் விபூதி சம்புடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ரயில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் பெரியம்மா மெல்லச் சொன்னாள்: "என்னுடைய நாளை என் சோம்பேறித்தனம். நினைத்தேன், புறப்பட்டுவிட்டேன். அவருடைய நாளை அப்படியில்லை. அது இன்னொருத்தர் கையில் இருந்தது. இரண்டுக்கும் பேர் மட்டும்தான் ஒன்று."

அதைவிட நன்றாக நான் என்ன எழுதிவிட முடியும்? பக்தி போதாமல் நந்தனார் காத்திருக்கவில்லை. உத்தரவு கிடைக்காமல் காத்திருந்தார். தீ அவருக்குத் தேவைப்படவில்லை. வாசலில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. வேதியர் என்ற பாத்திரத்தைப் படைத்த பாரதியார் இதில் பாதியைக் கண்ணுக்குக் காட்டிவிட்டார். அதனால்தான் அந்தக் கதை திரையிலும் நின்றது. மீதிப் பாதியைத் தீயின் வெளிச்சம் மறைத்துவிட்டது.

தரிசனம் நன்றாக ஆயிற்று. கூட்டத்தில் யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. அந்த நாள் வருவதற்கு 1939ஆம் வருஷத்துச் சட்டமும், அதற்குப் பின் 1947இல் மாகாணம் முழுவதற்குமாக வந்த சட்டமும் வேண்டியிருந்தன.

சிதம்பரத்தில் இன்னும் இரண்டு விஷயங்களை நான் நினைத்துக்கொண்டேன். திரையில் சிதம்பரத்துக்காக ஏங்கிய தண்டபாணி தேசிகர், பிற்காலத்தில் இதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைத் தலைவராகப் பல வருஷம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். மற்றொன்று, சுவாமி சகஜானந்தர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து துறவியானவர் அவர். நந்தனார் பெயரால் இந்த ஊரில் 1916இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்து, 1959இல் மறைந்தார். முதல் படம் வருவதற்கு 19 வருஷம் முன்பே, நந்தனார் கதைக்குத் தீயில்லாத முடிவு ஒன்றை அவர் எழுதத் தொடங்கிவிட்டார். கரும்பலகையில், சாக்குக் கட்டியால்!

நந்தனார் பெயர் தாங்கிய பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடக்கின்றன. ஓமக்குளம் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று பெரியம்மாவைக் கேட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டாள். ஆனால், 'நாளைக்கு' என்று சொல்லவில்லை. "ஆட்டோவைக் கூப்பிடு" என்றாள்.