விரிசல் விழுந்த முன்பலகை

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் கைபேசிக்கு ஓர் ஒலிப்பதிவு வந்தது. மூன்று நிமிடங்களுக்கும் குறைவான கிற்றார் இசை. அனுப்பியவர் என் பழைய நண்பரின் மகள். "அப்பாவின் கிற்றார், மாமா. இப்போதுதான் பழகுகிறேன்" என்று எழுதியிருந்தார். தடித்த தந்தி ஒன்று ஒலிக்கும்போதெல்லாம் மெல்லிய அதிர்வு இரைச்சல் ஒன்று கூடவே கேட்டது. அந்த இரைச்சலுக்குக் காரணமானவன் நான். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணியும் எழுதாமலே காலத்தைக் கடத்திவிட்டேன்.

நண்பரும் நானும் கொழும்பில் ஒரே பத்திரிகையில் வேலை செய்தோம். நான் செய்தியாளன், அவர் ஒப்புநோக்குநர். அது 1970களின் பிற்பகுதி. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றிருந்த காலம். கிற்றார் என்றால் எமக்கெல்லாம் கலியாண வீட்டு மேடையும் பைலாவுந்தான். நண்பரோ வேறு வகை. ஸ்பானியக் கிற்றார் ஒன்றை வைத்துக்கொண்டு, இசைக்குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, விரல்களால் மட்டும் மெதுவாக வாசிப்பார். அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பறங்கியர் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அதை வாங்கியிருந்தார்.

1983 யூலையில் ஒரு மாலை என் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டதால் கிற்றாரை என்னிடமே விட்டுச் சென்றார். அடுத்த வாரம் கலவரம் மூண்டது. வெள்ளவத்தையில் அவர் இருந்த வீடு எரிந்தது. எங்கள் ஒழுங்கையிலிருந்த சிங்களக் குடும்பம் ஒன்று எம்மை ஒளித்து வைத்ததால் நாமும் எம் வீடும் தப்பினோம். அகதி முகாமிலிருந்து அவர் சொல்லியனுப்பினார்: "கப்பலில கொண்டுபோக ஏலாது. நீர் வைச்சிரும்." காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனவர், பின்னர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நான் வைத்திருந்தேன். அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ், அலுமாரியின் மேல், துணியால் சுற்றி வைத்திருந்தேன். களவு போகாமல், சோதனைகளில் உடைபடாமல், ஐந்து வீடுகள் மாறியபோதும் கூடவே கொண்டுசென்று காத்தேன். 2003இல், போர்நிறுத்தக் காலத்தில், அவர் வந்தார். துணியை அவிழ்த்தபோது முன்பலகையில் ஒலித்துளையிலிருந்து அடிவரை விரிசல் ஓடியிருந்தது. குதிரை பலகையைவிட்டுப் பாதி எழும்பி நின்றது. அதன் பின்னால் பலகை வயிறு போல் ஊதியிருந்தது. பின்பலகை மட்டும் புதிது போல மினுங்கியது.

"தந்தியளைத் தளர்த்தி வைச்சனீரோ?" என்று மாத்திரம் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"பரவாயில்லை. நான் சொல்லியிருக்க வேணும்."

கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். அந்த இருபது ஆண்டுகளில், இதை எப்படிப் பேணுவது என்று ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் போனபின்தான் கேட்கத் தொடங்கினேன். வாசித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

இன்று நாம் செவ்வியல் கிற்றார் என்று காணும் வடிவத்தை நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தெ தொரெஸ். 1817இல் ஸ்பெயினின் அல்மேரியாவில் பிறந்தவர். தச்சராகத் தொழிலைத் தொடங்கி, செவில்லே நகரில் கிற்றார் செய்து, 1892இல் மறைந்தவர். அவர் உடற்பெட்டியைப் பெரிதாக்கினார். முன்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் உட்புறத்தில் விசிறி விரித்தாற்போல ஏழு சட்டங்களை ஒட்டினார். விசிறி அமைப்பு அவருக்கு முன்னரே இருந்தது. அதைச் செம்மைப்படுத்தியவர் அவர். தந்தியின் அதிரும் நீளம் 650 மில்லிமீற்றர் என்பதும் அவர் வழியாகவே பொது அளவாயிற்று. பிரான்சிஸ்கோ தாரெகா 1869இல் தம் பதினேழாவது வயதளவில் பெற்றதும் தொரெஸ் செய்த கிற்றாரே. தாரெகா மேதையாக வளர்ந்தது அந்தக் கருவியோடுதான்.

வீணையை அறிந்த நமக்குக் கிற்றாரின் உறுப்புகள் புதியவை அல்ல. பிருடை, மெட்டு, குதிரை எல்லாம் இங்கும் உண்டு. தந்தி தனியாக அதிர்ந்தால் காற்றை அசைக்கப் போதாது. அது குதிரையை ஆட்டுகிறது. குதிரை முன்பலகையை ஆட்டுகிறது. அகன்ற பலகைதான் காற்றைத் தள்ளி ஒலியாக்குகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒலித்துளை வழியே மூச்சு விடுவதால் தாழ்ந்த சுரங்களுக்குக் கனம் கிடைக்கிறது. முன்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்புரூஸ் மரத்தைத் தேர்வார்கள். குளிர்ந்த மலைகளில் மெதுவாக வளர்வதால் அதன் வளையங்கள் நெருக்கமானவை. எடை குறைவு, விறைப்பு அதிகம். அதை இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு இழைக்கிறார்கள். தடித்துவிட்டால் பலகை ஊமையாகிவிடும். மெலிந்துவிட்டால் இழுவிசையைத் தாங்காது. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோகிராம் அளவுக்கு இழுக்கின்றன. அந்தச் சுமையை நான் இருபது ஆண்டுகள் இரவும் பகலும் இறக்கி வைக்கவில்லை. மேலே கூரையின் வெப்பம் பசையை இளக்கியது. ஈரமும் வறட்சியும் மாறிமாறிப் பலகையை ஊதவும் சுருங்கவும் வைத்தன. விரிசல் விழுந்ததில் வியப்பில்லை.

தொரெஸ் 1862இல் செய்த ஒரு கிற்றார் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்பலகை மரம். பின்பக்கமும் விலாவும் காகித அட்டை! ஒலியைத் தீர்மானிப்பது முன்பலகையே என்று காட்டுவதற்காகவே அவர் அவ்வாறு செய்தார். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் அதன் அருகில்தான் வந்து நிற்கிறது. பின்புறமும் விலாவும் வேறுவேறு மரத்திலும் மற்றவை ஒரே மாதிரியிலும் அமைந்த, உருக்குத் தந்தி பூட்டிய ஆறு கிற்றார்களை 52 வாசிப்பவர்களிடம் கொடுத்தார்கள். மங்கிய வெளிச்சத்தில், உருக்கி ஒட்டுவோர் அணியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தவர்கள், விலையுயர்ந்த மரத்தையும் மலிவான மரத்தையும் ஏறத்தாழ ஒரே தரத்தினவாகவே மதித்தார்கள்.

ஆனால் மரத்தின் மீதான ஆசை இதனால் குறைந்துவிடவில்லை. பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தைக் கிற்றார்காரர்கள் பொன்னைப் போல் மதிக்கிறார்கள். அதன் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைப்பட்டது. அதற்கு முன்பே, 1969 அளவில், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் மேற்குத்தொடர்ச்சி மலைகளில் வளரும் இந்திய ஈட்டிக்கு மாறிவிட்டது. விரற்பலகைக்கு உகந்தது கருங்காலி. அதில் மிகச் சிறந்த கறுப்பென்று உலகம் கொண்டாடுவது எம் தீவின் பெயரையே தாங்கிய சிலோன் கருங்காலி. அளவுமீறி வெட்டியதால் அரிதாகி, இன்று அதை மூலமரமாக வெளிநாட்டுக்கு விற்பதை இலங்கையும் இந்தியாவும் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. தந்தியிலும் இப்படியொரு பஞ்சம் வந்ததுண்டு. இரண்டாம் உலகப்போரின்போது ஆட்டுக்குடல் தந்தி கிடைக்காமற்போக, நியூயோர்க்கில் அல்பேர்ட் ஓகஸ்ரின் நைலோன் தந்தியை உருவாக்கினார். செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். இன்றைய செவ்வியல் கிற்றாரின் குரல் அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்தது.

மதிப்பு என்பது இன்னொரு கதை. 1959இல் செய்யப்பட்ட மார்ட்டின் டி-18இ என்ற கிற்றார், கடையில் அவ்வளவாக விலைபோகாத ரகம். அந்த ரகத்தில் ஒன்றை 1993இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேர்ட் கோபெய்ன் வாசித்தார். சில மாதங்களில் இறந்துபோனார். 2020இல் அந்தக் கிற்றார் 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் மரத்துக்குக் கொடுத்த விலை அல்ல என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி நண்பரின் கிற்றாருக்கு வருகிறேன். ரொறன்ரோவில் பழுதுபார்ப்பவர் ஒருவர் அவருக்கு இரண்டு வழிகளைக் காட்டினாராம். முன்பலகையை முற்றாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பொருத்தலாம். ஒலி நன்றாக வரும். அல்லது விரிசலை ஒட்டி, உள்ளே சிறு மரத்துண்டுகளால் முட்டுக்கொடுக்கலாம். பழைய ஒலி முழுதாகத் திரும்பாது, சில வேளை இரையும். நண்பர் ஒட்டும்படியே சொன்னார். தொலைபேசியில் காரணம் கேட்டேன். "முன்பலகை மாறினா அது வேற கிற்றார். எரியாமல் மிஞ்சினது இது ஒண்டுதான்" என்றார்.

அப்பொழுதே நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்க வாயெடுத்தேன், அவர் பேச்சை மாற்றி, ஆசிரியபீடத்தில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அதற்குப் பின்னும் எத்தனையோ தடவை பேசினோம். அந்தப் பேச்சு வரவேயில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார்.

மகளுக்கு இதையெல்லாம் எழுதினேன். அந்த இரைச்சல் என் கவனக்குறைவால் வந்தது என்றும் ஒளிக்காமல் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது. "அப்பா சொல்லியிருக்கிறார், மாமா. வாசிக்காத நாட்களில் தந்தியைத் தளர்த்தி வைக்கவேண்டும் என்று உங்களிடம் சொல்ல மறந்தது தன் பிழை என்பார். எனக்கு முதலில் பழக்கியதும் அதைத்தான்" என்று எழுதியிருந்தார். ஒலிப்பதிவை மறுபடியும் கேட்டேன். இரைச்சல் அப்படியேதான் இருந்தது.