முதல் அப்ரைசலுக்கு முன்பே எம்.பி.ஏ.வா?

கேளம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்குப் போய்வரும் பிள்ளைகள் பலருக்கு முதல் அப்ரைசலுக்கு முன்பே எம்.பி.ஏ. ஆசை வந்துவிடுகிறது. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வுக்கு வேலை அனுபவம் கட்டாயமில்லை. கல்லூரிக் கடைசி ஆண்டிலேயே எழுதலாம். ஆனால், அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டணம் இன்று 20 லட்சத்துக்கும் மேல். வீட்டில் ஏற்கெனவே கடன் இருந்தால்?

மடிப்பாக்கத்தில் வளர்ந்த சரத்பாபுவுக்கு அந்தச் சிக்கல் இருந்தது. அம்மா இட்லி விற்றுப் படிக்கவைத்த பிள்ளை. பிலானி பிட்ஸில் பொறியியல் முடித்ததும் சென்னை பொலாரிஸில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் கடனை அடைத்தார். அகமதாபாத் ஐ.ஐ.எம். அதற்குப் பிறகுதான். தாமதம் என்று யார் சொல்ல முடியும்? 2006-ல் படிப்பு முடிந்தபோது, கேம்பஸ் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ‘ஃபுட்கிங்’ தொடங்கினார். அதுவும் சாப்பாட்டு வியாபாரம்தான்!